என்ன கறி என்று கேட்கிறவர்

பெரியப்பாவைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று மகள் கேட்டாள். அவர் போய் மூன்று வருஷமாகப் போகிறது, தம்பிக்கு அவருடைய முகம்கூட மங்கிவிட்டது என்கிறாள். எழுதுகிறேன். ஆனால் பிள்ளைகளே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த மனிதர் மேல் எனக்குப் பொறாமை. "பொறாமை இருந்தது" என்று எழுதிப் பார்த்தேன். பொய்யாகப் பட்டது, அடித்துவிட்டேன்.

உங்கள் அம்மாவின் அக்காவைக் கட்டியவர் அவர். எனக்குச் சகலை. நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் இருபது வருஷத்துக்கு மேல் வெயிட்டராக இருந்தார். மெலிந்த உடம்பு. நடந்து வந்தால் சத்தமே கேட்காது, திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்பார். இடது முன்கையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துவாய் மடித்துக் கிடக்கும். ஹோட்டலில் சரி. கொட்டகலையில் உங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தா வீட்டுக்கு வந்தாலும் அப்படியேதான். கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் துவாயோடு நின்று பரிமாறுவார். நாங்கள் எழுந்த பிறகு குசினிக்குள் போய், பெரியம்மாவோடு பலகையில் குந்திச் சட்டியிலிருந்து போட்டுச் சாப்பிடுவார். எல்லாம் நடிப்பு, ஆட்கள் பார்க்க வேண்டும் என்றே நிற்கிறார் என்று நான் நினைத்தேன். ஒன்பது கிறிஸ்மஸ் அப்படித்தான் நினைத்தேன்.

தாத்தா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்மஸ் மத்தியானச் சாப்பாட்டில் ஜெபம் முடிந்ததும் ஒரு போத்தல் வைன் திறப்பார்கள். யார் வாங்கி வந்தாரோ அவர்தான் ஊற்ற வேண்டும். முதல் கிளாஸ் தாத்தாவுக்கு. பெரியவர்களுக்கு ஆளுக்கு அரைக் கிளாஸ், பிள்ளைகளுக்குச் சோடா. நான் குடிக்கிறவன் இல்லை, உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த முதல் கிளாஸை ஊற்றுகிற கை என்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஏங்கினேன். காரணம் இருக்கிறது.

நான் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. உங்கள் அம்மா சேர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. தாத்தா சம்மதிக்கவில்லை. ரெண்டு சாட்சியை வைத்துப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டோம். மகள் பிறந்து ஒரு வயதானதும் "பிள்ளையக் கூட்டிக்கிட்டு கிறிஸ்மஸுக்கு வரச் சொல்லு" என்று ஆள் அனுப்பினார். போனோம். நான் ஒரு தட்டில் கேக் எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. மேசையைக் காட்டி, "அங்க வை" என்றார்.

அவ்வளவுதான். திட்டவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு தேத்தண்ணி கொடுத்தாலும், பேப்பர் கொடுத்தாலும், குளிருக்குப் போர்வை கொடுத்தாலும் "அங்க வை"தான். சாப்பிடும்போது என்னைத் தன் பக்கத்துக் கதிரையில் உட்காரச் சொல்வார். தன் தட்டில் விழுகிற கோழி ஈரலை எடுத்து என் தட்டில் போடுவார். அவருக்கு ஈரல் பிடிக்காது போலிருக்கிறது, ஒதுக்கித் தள்ளுகிற இடம் நான்தான் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் தின்றேன். அந்த நேரத்தில் பெரியப்பா ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு குனிந்து அவருக்கு வைன் ஊற்றுவார். தாத்தா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன்.

அந்த வைனை அவர் எப்படித் தேர்ந்தெடுப்பார் என்று நான் ஒரு தடவை அவரோடு கூடப் போய்ப் பார்த்தேன். ஹட்டனில் கடை. பெயர்ப்பலகையில் வைன் ஸ்டோர்ஸ் என்றுதான் இருக்கும், ஆனால் கம்பி வலைக்கு முன்னால் நிற்கிற கூட்டத்தில் வைன் வாங்க வந்தவன் ஒருத்தனும் இருக்க மாட்டான். எல்லாம் சாராயத்துக்கு முட்டி மோதுகிற கூட்டம். வைன் போத்தல்கள் உள்ளே ஒரு மூலையில் தூசி பிடித்துக் கிடக்கும். பெரியப்பா கூட்டத்தோடு கத்த மாட்டார். ஓரமாக நின்று கடைக்காரரைப் பார்த்துத் தலையை அசைப்பார். கடைக்காரர் சிங்களத்தில் "எண்ட மாத்தயா", வாங்க ஐயா என்று பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே விடுவார். ஒரு வெயிட்டருக்கு மாத்தயா! எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.

உள்ளே போனதும் மேல் தட்டைப் பார்க்கவே இல்லை. குந்தி உட்கார்ந்து கீழ்த் தட்டில் ஒவ்வொன்றாக எடுத்தார். முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்துச் சின்ன எழுத்தை வாசித்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"ஏண்ணே, மேல உள்ளதெல்லாம் நல்ல சாமான் இல்லியா?" என்று கேட்டேன்.

"நல்லதுதான் தம்பி. மேல் தட்டு லேபலுக்கு, கீழ் தட்டு கறிக்கு. என்ன கறின்னு தெரியாம வைன் வாங்கப்படாது."

"கோழிக்கறிதானே?"

"எந்தக் கோழிக்கறி? நம்ம வீட்டுல ஒங்க மதினி எத்தன கரண்டி மொளகாத்தூள் போடுவா? நாலு. அப்ப இனிப்பா, லேசா, குளிர்ச்சியா ஒண்ணு வேணும். ஹோட்டல்ல வெள்ளக்காரனுக்கு உப்பும் மொளகும் போட்ட கோழி. அதுக்கு வேற."

திருகு மூடி போட்ட ஒரு போத்தலை எடுத்தார். விலையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. கம்பி வலைக்கு வெளியே நிற்கிறவர்கள் வாங்கிப் போகிற சாராயத்தைவிடக் குறைவு.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவர் செய்ததை மறக்க முடியாது. போத்தலில் விலை ஒட்டியிருந்த சின்னத் தாளின் மேல் வாயைக் கொண்டுபோய், கண்ணாடி துடைக்கிறவர் மாதிரி சூடாக மூச்சு விட்டார். கட்டைவிரல் நகத்தால் ஒரு மூலையைத் தூக்கினார். கொட்டகலை வருவதற்குள் தாள் கிழியாமல் முழுசாகக் கழன்று வந்தது. அதை முன் சீட்டின் முதுகில் ஒட்டிவிட்டார்.

"எதுக்குண்ணே இந்த வேல?"

"வெல தெரிஞ்சா வாய் வெலயத்தான் குடிக்கும், தம்பி."

அந்த வருஷம் சாப்பாட்டில் எல்லோரும் அந்த வைனைப் புகழ்ந்தார்கள். அம்மாவின் தம்பி, உங்கள் மாமா, "பெரிய மச்சான் காச வாரி எறைச்சிட்டாரு" என்றான். என்னால் முடியவில்லை. வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், என்ன விலை என்று. நானும் கூடத்தான் போனேன், கீழ்த் தட்டில் கிடந்தது, சாராயத்தைவிட மலிவு என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

 உங்கள் அம்மா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். தாத்தா கிளாஸைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, "இவ்வளவுதானா? அப்ப ரெண்டு போத்தல் வாங்கியிருக்கலாமே மாப்ள" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் பெரியப்பா. துவாயால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கு" என்றார். அவருக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த வருஷம் ஒக்டோபர் மாதமே சொல்லிவிட்டேன்: "இந்தக் கிறிஸ்மஸுக்கு வைன் என் பொறுப்பு." நான் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அரைக்கிற மெஷின், உலர்த்துகிற மெஷின் எல்லாம் என் கையில்தான். மூன்று மாதம் ஓவர்டைம் செய்தேன். அந்த வருஷம் பௌர்ணமிப் போயாவும் கிறிஸ்மஸுக்கு முதல் நாள் வந்தது, கடை இரண்டு நாள் பூட்டிக் கிடக்கும் என்பதால் முன்கூட்டியே ஹட்டனுக்குப் போனேன். நேரே மேல் தட்டைக் காட்டினேன். இருப்பதிலேயே பெரிய விலை எதுவோ அது. கறுத்த சிவப்பு. தங்க எழுத்து. தக்கை மூடி. விலைத் தாளை நான் பிய்க்கவில்லை. தாத்தா பார்க்கட்டும் என்று அந்தப் பக்கத்தை முன்னால் திருப்பி மேசையில் வைத்தேன்.

ஜெபம் முடிந்தது. போத்தலைக் கையில் எடுத்த பிறகுதான் தக்கையை எப்படி எடுப்பது என்று தெரியாதது ஞாபகம் வந்தது. கத்தியால் குத்தினேன். உதிர்ந்தது.

"மச்சான், மெஷின் மாதிரி ஸ்பேனரப் போட்டுப் பாருங்க" என்றான் மாமா.

கேலிக்குச் சொன்னான். ஆனால் நான் எழுந்து போய் கதவு நிலையிலிருந்து ஒரு நீளத் திருகாணியைக் கழற்றிக் கொண்டுவந்தேன். அதைத் தக்கைக்குள் முறுக்கி, குறட்டால் பிடித்து, போத்தலை முழங்காலுக்கு நடுவில் வைத்து இழுத்தேன். பெரியம்மா கோழிக்கறியோடு நின்றாள். கறி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் டப்பென்று வந்தது. பெரியப்பா கை தட்டினார். "நம்ம தம்பி கைக்கு வராத சாமானே கெடயாது."

அன்று சாயங்காலம் அவர் பஸ்ஸுக்குச் சில்லறை எடுக்கும்போது பார்த்தேன். அவருடைய சாவிக் கொத்தில் தக்கை திறப்பான் தொங்கியது. அவ்வளவு நேரமும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

தக்கை வந்ததும் நான் தாத்தாவுக்கு ஊற்றினேன். "அங்க வை" என்றார். வைத்தேன். கறியில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அவராகவே எடுத்து ஒரு மிடறு குடித்தார். முகம் சுருங்கியது. தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

மாமா குடித்துவிட்டு நாக்கை வெளியே நீட்டினான். "மச்சான், இது வைனா, பேட்டரித் தண்ணியா? நாக்கு எரியுது!"

நானும் கொஞ்சம் வாயில் விட்டுப் பார்த்தேன். துவர்ப்பு. கொதிக்க வைத்த தேயிலைச் சாயத்தை ஒரு நாள் முழுக்க வைத்திருந்து குடிப்பது போன்ற துவர்ப்பு. அதற்கு மேல் நாலு கரண்டி மிளகாய்த்தூள் போட்ட கறி. வாய்க்குள் நெருப்பு வைத்தது போலிருந்தது. காலை முதல் மாலை வரை தேயிலை வாசத்தில் நிற்கிறவன் நான். துவர்ப்பும் காரமும் சேர்ந்தால் என்னவாகும் என்று எனக்குத் தெரியாததா? விலையைப் பார்த்தேன், நாக்கைக் கேட்கவில்லை.

 "சீனிய எடுங்க" என்றார் தாத்தா. பெரியம்மா சீனி டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் இரண்டு கரண்டி அள்ளி என் வைனுக்குள் போட்டு, தேத்தண்ணி கலக்குவது போல் கடகடவென்று கலக்கினார். மாமா விழுந்து விழுந்து சிரித்தான். மூன்று மாத ஓவர்டைம் அந்தக் கிளாஸுக்குள் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருந்தது.

அப்போது பெரியப்பா தாத்தாவைப் பார்த்துச் சொன்னார்: "அட, மாமாவுக்கு எப்படித் தெரியும்?"

தாத்தா நிமிர்ந்தார்.

"இந்த வைன குளிர் நாட்டுல இப்படித்தான் குடிப்பாங்க மாமா. சீனி போட்டு, பட்ட கராம்பு போட்டு, சூடாக்கி. எங்க ஹோட்டல்ல டிசம்பர் மாசம் வெள்ளக்காரங்க கேட்டு வாங்கிக் குடிப்பாங்க. தம்பி விசாரிச்சுத்தான் வாங்கியிருக்கு. இந்தக் கொட்டகல குளிருக்கு இதான் சரி. நான்தான் சூடாக்க மறந்துட்டேன்."

சொல்லிக்கொண்டே எல்லார் கிளாஸையும் திரும்ப எடுத்துக் கேத்தலில் ஊற்றினார். குசினிக்குள் போனார். பட்டை, கராம்பு, இஞ்சி, தோடம்பழத் தோல், சீனி. பத்து நிமிஷத்தில் வீடெல்லாம் வாசம். ஆவி பறக்கிற கேத்தலோடு வந்தார். ஊற்றவில்லை. என் கையில் கொடுத்தார்.

"நீ வாங்குன வைன். நீ ஊத்து."

தாத்தா தன் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினார். ஆமாம் பிள்ளைகளே, நீட்டினார். "அங்க வை" என்று சொல்லவில்லை. ஊற்றினேன். ஊதி ஊதிக் குடித்தார். இன்னொரு தடவை நீட்டினார். பிறகு பெரியப்பாவைப் பார்த்து, "நல்லாருக்கு மாப்ள" என்றார்.

என் வைன். நான் ஊற்றினேன். நல்லாருக்கு என்று கேட்டது அவருக்கு. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் எனக்குப் பொறாமை இரட்டிப்பானது. என் அவமானத்தைக்கூட எடுத்துக் கழுவி, பட்டை கராம்பு போட்டு, தனக்குப் பேர் வருகிற மாதிரி ஆக்கிவிட்டாரே என்று நினைத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே குழாயடியில் அவர் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். அந்தக் கிளாஸ்களை வேறு யாரையும் தொட விட மாட்டார். ஹோட்டலில் விளிம்பு உடைந்தது என்று கழித்தவை, ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துவராது. நான் பக்கத்தில் போய் நின்றேன். நன்றி சொல்லத்தான் போனேன். வாயிலிருந்து வந்தது வேறு: "ஒங்களுக்கென்னண்ணே, எல்லாம் ஒங்க பேர்லதான் முடியுது."

அவர் ஒரு கிளாஸைத் துடைத்து வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "ஒனக்கென்ன தம்பி, நீ உக்காந்து சாப்புடுற ஆளு" என்றார். சிரிக்கவில்லை.

என்னைக் குத்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன். 

அவரைப் பற்றிப் பெரியம்மா சொன்ன ஒன்றையும் எழுதிவிடுகிறேன். இறம்பொடைப் பக்கத்திலிருந்து புதுசாகக் கல்யாணமான ஒரு சோடி ஒரு தடவை அவருடைய ஹோட்டலுக்குச் சாப்பிட வந்திருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள். அந்தப் பையன் வைன் அட்டையைத் திறந்து விலையைப் பார்த்து வேர்த்துப் போய்விட்டான். பெண் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெரியப்பா குனிந்து, அட்டையில் விலை குறைந்த கடைசி வரியில் பென்சிலால் மெல்லத் தட்டிவிட்டு, பெண்ணுக்குக் கேட்கிற மாதிரி, "நல்லதாத்தான் எடுத்திருக்கீங்க சேர்" என்றாராம். இதைக் கேட்டபோது எனக்குக் கேத்தல் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு சீனி வருத்தம் வந்து, கால் புண்ணாகி, படுத்துவிட்டார். அவர் போன பிறகு இரண்டு கிறிஸ்மஸ் தாத்தா வீட்டில் வைன் திறக்கவில்லை. போன நவம்பரில் பெரியம்மா எனக்குப் போன் செய்தாள்.

"தம்பி, இந்த வருஷம் நீங்க வாங்கிட்டு வாங்க. அப்பா கேக்குறாரு."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. கடைசியில் என் கைக்கு வந்துவிட்டது. ஆனால் வாய் தானாக, "என்ன கறி மதினி?" என்று கேட்டுவிட்டது.

"என்ன கறியா?" என்று பெரியம்மா திருப்பிக் கேட்டாள். பிறகு, "கோழிதான். நாலு கரண்டிதான்" என்றாள்.

மகளே, நீயும் ஹட்டனுக்கு வந்தாய், கடைக்கு வெளியே தம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் உள்ளே குந்தி உட்கார்ந்து கீழ்த் தட்டில் தேடினேன். திருகு மூடி. இனிப்பு. மலிவு. பஸ்ஸில் விலைத் தாளில் மூச்சு விட்டேன், நகத்தால் தூக்கினேன். பாதியில் கிழிந்தது. நீ சிரித்தாய்: "பெரியப்பா மாதிரி வரலப்பா." நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது.

ஜெபம் முடிந்து, துவாயைக் கையில் போட்டுக்கொண்டு, தாத்தாவுக்கு ஊற்றினேன். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். பத்துப் பன்னிரண்டு வருஷமாக நான் கேட்டது அதுதான். கிடைத்துவிட்டது. பிறகு மாமாவுக்கு ஊற்றினேன். அம்மாவுக்கு, பெரியம்மாவுக்கு, உங்களுக்குச் சோடா. அதற்குள் தாத்தாவின் கிளாஸ் காலி. மறுபடி ஊற்றினேன். எல்லோரும் சாப்பிட்டார்கள். பேசினார்கள், சிரித்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நிற்கிறவனை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குத் தட்டும் வைத்திருக்கவில்லை. தாத்தாவுக்குப் பக்கத்துக் கதிரையில், என் கதிரையில், தம்பி உட்கார்ந்திருந்தான். கறி வாசம். பசி. என் சொந்தப் பிள்ளை மேலேயே எனக்குப் பொறாமை வந்தது.

தாத்தா கறிக்குள் விரலால் தடவித் தேடி ஒரு துண்டை எடுத்துத் தம்பியின் தட்டில் வைத்தார்.

"ஐயே, ஈரல் வேணாம் தாத்தா."

பெரியம்மா அதட்டினாள். "சாப்புடுறா. தாத்தாவுக்கு ஈரல்னா உசுரு. தான் திங்காம ஒனக்கு எடுத்து வைக்கிறாரு."

போத்தலோடு அப்படியே நின்றேன். ஒன்பது கிறிஸ்மஸ் என் தட்டில் விழுந்த ஈரலை எண்ணிப் பார்த்தேன்.

தாத்தா தலையைத் தூக்கினார். "யாரது நிக்கிறது? நீயா? ஊத்துனது போதும். வந்து உக்காரு." தம்பியைத் தன் மடிப்பக்கம் இழுத்துக் கதிரையில் இடம் விட்டார். நான் போய் உட்கார்ந்தேன். பெரியம்மா சோறு போட்டாள்.

பெரியப்பாவிடம் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒன்பது வருஷம் அவர் கையிலிருந்த போத்தல் மேலேயே கண்ணாக இருந்தேன். அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "நீங்க உக்காருங்கண்ணே" என்று ஒரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.